கணக்கு முடித்து அனுப்பும்போது

வணிகம் செய்யும் சகோதரர்கள் மார்க்கச் சட்டம் கேட்டு நம்மிடம் வரும்போது பெரும்பாலும் வட்டியைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியுமே கேட்பார்கள். சில ஆண்டுகளாக வேறொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "ஹஜ்ரத், கடையில் ஒருவர் இருக்கிறார். வேலை சரியில்லை. நிறுத்தினால் பாவமாகுமா?" கேட்பவர்களில் பலர் உண்மையாகவே அஞ்சிக் கேட்கிறார்கள். ஒரு குடும்பத்தின் அடுப்பை நம் கையால் அணைத்துவிடுகிறோமோ என்ற அச்சம் அது. அதை நாம் மதிக்கிறோம். ஆயினும் கேள்வியைச் சற்று இடம் மாற்றிக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. நிறுத்துவது கூடுமா என்பதில் பெரிய சிக்கல் இல்லை. எதற்காக நிறுத்துகிறோம், எப்படி நிறுத்துகிறோம், நிறுத்திய பிறகு அவரைப் பற்றி என்ன சொல்கிறோம் என்பதில்தான் நம்மில் பலர் சறுக்குகிறார்கள்.

ஊழியம் என்பது ஃபிக்ஹ் நூல்களில் இஜாரா என்னும் பாடத்தில் வருகிறது. ஒருவர் தம் உழைப்பின் பயனைக் குறித்த காலத்துக்கு, குறித்த கூலிக்கு மற்றவருக்குத் தருகிறார். காலம் குறித்துச் செய்த இஜாரா இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும் என்பது பெரும்பாலான இமாம்களின் நிலை. காலம் முடிந்தபின் அதைப் புதுப்பிப்பதும் புதுப்பிக்காதிருப்பதும் இருவருடைய உரிமை. மூஸா நபி (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு அமர்ந்தபோது எட்டு ஆண்டு என்று பேசி, பத்தாக நிறைவு செய்வது அவர்கள் விருப்பம் என்று விடப்பட்டதைக் குர்ஆன் சொல்கிறது (28:27). வேலை கொடுத்த பெரியவர், உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்ற கருத்தையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார். காலம், கூலி, நடத்தை மூன்றும் முதல் நாளிலேயே பேசப்பட்டுவிட்டன. நம் கடைகளில் முதல் நாள் பேச்சு எப்படி இருக்கிறது? "வா, பார்த்துச் செய்யலாம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. பிறகு வரும் தகராறுகளில் பாதி அந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து பிறந்தவை.

அதே கதையில் முந்தைய வசனம், வேலைக்கு எடுக்கத் தக்கவருக்கு இரண்டு தகுதிகளைக் கூறுகிறது: வலிமை, நம்பகம் (28:26). வலிமை என்பதை விரிவுரையாளர்கள் உடல் வலிமையோடு நிறுத்தவில்லை. எடுத்துக்கொண்ட வேலையைச் செய்யும் திறமையையும் அதில் அடக்குகிறார்கள். இந்த இரண்டும் தனித்தனித் தகுதிகள் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். ஒன்று இல்லாதவரிடம் மற்றதும் இல்லை என்று ஆகாது. இதை மறந்ததால் நம் சமூகத்தில் எத்தனை மனிதர்களின் மானம் போயிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த ஒரு பதவி நீக்கத்தைப் புகாரி கிரந்தத்தில் காண்கிறோம். கூஃபாவின் ஆளுநராக இருந்தவர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி). காதிஸிய்யாப் போரின் தளபதி, சுவர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் ஒருவர். அவ்வூர் மக்கள் அவரைப் பற்றிப் புகார் செய்தார்கள். அவர் சரியாகத் தொழுவிப்பதுகூட இல்லை என்னும் அளவுக்கு அந்தப் புகார் போயிற்று. உமர் (ரலி) அவர்கள் அவரை நீக்கி அம்மார் (ரலி) அவர்களை நியமித்தார்கள். ஆனால் அத்தோடு விடவில்லை. ஸஅதை அழைத்து நேரில் கேட்டார்கள். அவர் தம் தொழுகை முறையை விளக்கினார். உம்மைப் பற்றி நாம் எண்ணியிருந்ததும் அதுவே என்ற பொருளில் கலீஃபா பதில் சொன்னார்கள். பிறகு கூஃபாவுக்கு ஆள் அனுப்பிப் பள்ளிவாசல் பள்ளிவாசலாக விசாரிக்கச் செய்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் நன்மையே கூறினர். ஒருவர் மட்டும் குற்றம் சுமத்தினார்.

இதைவிட நம் நெஞ்சைத் தொடுவது பின்னர் நடந்ததாகும். ஹிஜ்ரி 23இல் குத்துப்பட்டு மரணப் படுக்கையில் இருந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஸஅதையும் சேர்த்த உமர் (ரலி) அவர்கள், அவரைத் தாம் நீக்கியது இயலாமைக்காகவும் அல்ல, துரோகத்துக்காகவும் அல்ல என்று எல்லார் முன்னிலையிலும் அறிவித்தார்கள். இரத்தம் வடிந்துகொண்டிருந்த நேரத்தில், தாம் நீக்கிய ஒருவரின் பெயரைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு முதலாளிக்குத் தோன்றுமா? அந்தக் கலீஃபாவுக்குத் தோன்றியது. தம் நீக்கத்தால் ஊரில் எழக்கூடிய சந்தேகத்துக்கும் தாமே பொறுப்பு என்று அவர்கள் கருதினார்கள்.

இயலாமை, துரோகம் என்று அவர்கள் பிரித்துச் சொன்ன இரண்டு சொற்களும், மத்யன் கதையின் இரண்டு தகுதிகளுக்கு நேர் எதிரானவை. இயலாமை மட்டும் உள்ளவர் குற்றவாளி அல்லர். அபூதர் (ரலி) அவர்கள் ஒரு பொறுப்பைக் கேட்டபோது, நீர் பலவீனமானவர், இதுவோ அமானத் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டதை முஸ்லிம் கிரந்தத்தில் படிக்கிறோம். அந்த மறுப்பினால் அபூதரின் மதிப்பு ஓர் இம்மியும் குறையவில்லை. "இந்த வேலை உமக்கு ஒத்துவராது" என்று முகத்துக்கு நேரே சொல்லலாம் என்பதற்கும், அப்படிச் சொல்லிவிட்டு அவரை முன்போலவே மதிக்கலாம் என்பதற்கும் இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நம் ஊர்களில் நடப்பது என்ன? ஒருவர் வேலையில் மெதுவானவர். பில் போடுவதில் பிழை வருகிறது. வாடிக்கையாளர் பொறுமை இழக்கிறார். முதலாளிக்கு அதை நேரில் சொல்லக் கூச்சம். ஒரு மாதக் கடைசியில் கணக்கை முடித்து அனுப்பிவிடுகிறார். காரணம் சொல்லவில்லை. அன்று மாலையே கடைத்தெருவில் கேள்வி எழுகிறது: "ஏன் அனுப்பினார்கள்? கல்லாவில் ஏதாவது...?" முதலாளியிடமே கேட்டால் அவர் தலையை மட்டும் ஆட்டி, "வேண்டாம், விடுங்கள்" என்கிறார். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக அவருக்கு நினைப்பு. கேட்டவர்களோ அந்த மௌனத்தை ஒரு சாட்சியமாக எடுத்துக்கொண்டு போகிறார்கள். வீட்டுப் பெண்களிடம் "அவன் சரியில்லை" என்று ஒரு சொல் விழுகிறது. அது வலீமாப் பந்தியில் "கை சரியில்லை" என்று மாறுகிறது. ஜவுளிக்கடை ஒன்றில் இப்படி நிறுத்தப்பட்ட ஒருவரை நாம் அறிவோம். பில் கணினிக்கு அவர் பழகவில்லை, காரணம் அவ்வளவே. ஆறு மாதம் கழித்து அவர் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் ஊரில் விசாரித்த இடத்தில் நின்றுபோயிற்று. அந்த முதலாளி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆகவே நிறுத்தும் அன்றே காரணத்தை வெளிப்படையாக, அவரிடமும், தேவைப்பட்டால் உடன் வேலை செய்பவர்களிடமும் சொல்லிவிடுவது நல்லது. "இவர் நம்பிக்கையானவர், இந்த வேலை இவருக்குப் பொருந்தவில்லை" என்று முதலாளியின் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தால் போதும், கடைத்தெருவின் வாய் பாதி அடைந்துவிடும்.

நாட்டுச் சட்டமும் இந்த இரண்டு வாசல்களைப் பிரித்தே வைத்திருக்கிறது என்பது நம் வணிகர்களில் பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. அதன் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், அல்லது அதற்கு ஈடான ஊதியம் தர வேண்டும். முன்னறிவிப்பு தேவையில்லாத ஒரே வழி, ஒழுங்கீனக் குற்றச்சாட்டு. அதுவும் அதற்கென நடத்திய விசாரணையில் பதிவான போதிய சான்றுகளால் நிறுவப்பட்டிருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யவும் இடமுண்டு. "நம் கடை சிறியது, இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு" என்று நினைப்பவர்கள் சட்டத்தின் பெயரையே மறுபடி வாசிக்கட்டும். கடைகளுக்காகவே எழுதப்பட்டது அது. செய்துகொண்ட உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்று கட்டளையிடும் மார்க்கத்தில் (5:1) இருப்பவர்களுக்கு, ஊழியரோடு செய்த ஒப்பந்தத்தின் மறைமுகமான பகுதியாகவே இந்தச் சட்டமும் ஆகிவிடுகிறது.

திருட்டுச் சந்தேகம் இருந்தால் விசாரிக்கட்டும். ஆனால் முறையாக விசாரிக்கட்டும். அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, ஒரு தரப்பைக் கேட்டதும் தீர்ப்பு சொல்லிவிடாமல் மறு தரப்பையும் கேட்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நம் கடைகளிலோ மேலாளர் காதில் ஓதியதே தீர்ப்பாகிவிடுகிறது. மேலாளரின் மைத்துனன் அந்த இடத்துக்குக் காத்திருக்கிறானா என்பதையும் முதலாளி ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. செய்தி கொண்டுவருபவனின் நிலை அறிந்து உறுதி செய்துகொள்ளச் சொல்லும் வசனம் (49:6) ஜும்ஆ மேடையில் ஓதுவதற்கு மட்டும் இறங்கியதன்று.

இனி, வேலை சரியில்லை என்பதையே சற்று ஆராய வேண்டும். யாருடைய குறை அது? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. பில் புத்தகமும் கார்பன் தாளும் போய்க் கணினி வந்தது. கைப்பேசியில் பணம் கட்டும் முறை வந்தது. இருபது ஆண்டுகள் வாயாலேயே கூட்டிப் பெருக்கிக் கணக்குச் சொன்னவர்கள், வாடிக்கையாளரின் பாட்டி பெயர் வரை நினைவு வைத்திருந்தவர்கள், ஓரிரு ஆண்டுகளில் "வேலை தெரியாதவர்கள்" ஆகிவிட்டார்கள். மகன் படித்து முடித்து வந்து வாப்பாவின் நாற்காலியில் அமர்கிறான். நேற்றுவரை "காக்கா" என்று அழைத்த மனிதரை இன்று ஒரு செலவினமாகப் பார்க்கிறான். அவனுடைய கணக்கு தவறு என்று நாம் சொல்லவில்லை. சம்பளம் கொடுக்கும் கடைக்கு வருமானம் வேண்டும், அது உண்மை. ஆனால் அந்தக் காக்காவுக்குக் கணினியை யார் கற்றுக்கொடுத்தார்கள்? எத்தனை நாள்? மென்பொருள் நிறுவனத்து இளைஞர் வந்து ஒரு பிற்பகல் வேகவேகமாகச் சொல்லிவிட்டுப் போனதைப் பயிற்சி என்று கொள்ள முடியாது.

ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறியதை அவர்கள்மேல் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்னும் பொருள்பட அபூதர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் மிகவும் பிரபலமானது. கடைசிப் பகுதியை நாம் விட்டுவிடுகிறோம். சுமை கூடினால் உதவி என்பது முதலாளியின் கடமை. இன்றைய கடையில் அந்த உதவி என்பது, அமைதியான இரண்டு மணி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதாக இருக்கலாம். பில் மேசையிலிருந்து சரக்கறைக்கு மாற்றுவதாக இருக்கலாம். மாற்றும்போது சம்பளம் குறையுமானால் அதை முன்கூட்டிப் பேசி, அவர் மனமொப்பிய பிறகே செய்ய வேண்டும்.

நாள் முழுதும் நிற்கவைத்துவிட்டு "மாலையில் சுறுசுறுப்பு இல்லை" என்று குறை சொல்பவர்களும் உண்டு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் அதே சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு முக்காலி போடுவதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதாயிற்று என்பது முஸ்லிம் வணிகர்களாகிய நமக்கும் சேர்த்தே வெட்கம்.

குறையைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. தனியாகச் சொல்ல வேண்டும். குறிப்பாகச் சொல்ல வேண்டும். "நீ சரியில்லை" என்பதில் ஒருவர் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. "இந்த மாதம் ஏழு பில்லில் தொகை மாறியிருக்கிறது, அளவு கேட்டு வந்த துணி மூன்று முறை தவறாக வெட்டப்பட்டிருக்கிறது" என்றால் இருக்கிறது. அதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, அவரையும் வாசிக்கச் சொல்லி, இரண்டு அல்லது மூன்று மாத அவகாசம் குறிப்பது நல்ல வழக்கம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் நீண்ட வசனம் (2:282), மறதியும் ஐயமும் மனிதர்களுக்கிடையே என்ன செய்யும் என்பதை அறிந்து இறக்கப்பட்டது. எழுத்து முதலாளியை மட்டும் காப்பதில்லை. மூன்றாம் மாதம் பிழை ஏழிலிருந்து ஒன்றாகக் குறைந்திருந்தால் அதுவும் அந்த நோட்டில்தான் இருக்கும்.

பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருநாளும் "சீ" என்றதில்லை. ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கேட்டதும் இல்லை. இந்த ஹதீஸைச் சொன்னதும் வணிகர்கள் சிரித்து, "அப்படிப் பார்த்தால் கடை நடத்த முடியாது, ஹஜ்ரத்" என்பார்கள். சரி, அந்த உயரத்துக்கு நாம் யாரும் எட்டமாட்டோம். கேட்கலாம், கண்டிக்கலாம். வாடிக்கையாளர் முன்னால் திட்டாமல் இருப்பதற்குக்கூடவா முடியாது?

நமக்கு மிகவும் அருவருப்பாகத் தோன்றும் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிறுத்தினால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும், ஊர் கேட்கும், மனசாட்சி உறுத்தும். எனவே "தானாகப் போகட்டும்" என்று சிலர் திட்டமிடுகிறார்கள். கல்லாப் பக்கம் வராதே என்கிறார்கள். பெருநாள் துணி எல்லாருக்கும் கொடுத்து அவருக்கு மட்டும் தாமதிக்கிறார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை. இருபது வயதுப் பையனை அவருக்கு மேலாக வைத்து ஏவச் செய்கிறார்கள். இரண்டு மாதத்தில் மனிதர் மனம் உடைந்து, "நான் வரவில்லை" என்று சொல்லிவிடுகிறார். முதலாளி நிம்மதியாக, "நாங்கள் நிறுத்தவில்லையே, அவரே போனார்" என்கிறார். மணவிலக்கைப் பற்றிப் பேசும்போது குர்ஆன், நல்ல முறையில் வைத்துக்கொள்ளுங்கள் அல்லது அழகிய முறையில் விட்டுவிடுங்கள் என்ற கருத்தைச் சொல்கிறது (2:229); தொல்லை தருவதற்காகத் தடுத்து வைக்காதீர்கள் என்றும் எச்சரிக்கிறது (2:231). அந்த வசனங்கள் கணவன் மனைவிக்கு உரியவை. சட்டத்தை அங்கிருந்து இங்கே நாம் கொண்டுவரவில்லை. ஆனால் வைத்துக்கொள்ளவும் மாட்டேன், விடவும் மாட்டேன், நோகடிப்பேன் என்னும் அந்த மனநிலையை அல்லாஹ் எப்படிப் பார்க்கிறான் என்பதை அங்கிருந்து கற்றுக்கொள்ள முடியும். நேராக நிறுத்துபவர் இவரைவிட எவ்வளவோ மேல்.

அதே வேளையில், யாரையும் நிறுத்தவே கூடாது என்பதைத் தக்வாவாக எண்ணுவோரிடமும் நமக்கு உடன்பாடில்லை. கடை உங்களுடைய தனிச் சொத்து என்றால் நீங்கள் விரும்பிய அளவு நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பல கடைகள் அப்படி இல்லை. வாப்பா விட்டுச் சென்ற கடையில் சகோதரிகளின் பங்கு இருக்கிறது. முழாரபாவில் பணம் போட்டவர் துபையில் இருக்கிறார். சில இடங்களில் அனாதைகளின் சொத்தே முதலாக இருக்கிறது. அங்கே நடத்துபவர் முதலாளி அல்லர், அமானத்தைக் காப்பவர். பிறர் பணத்தில் கருணை காட்டுவதற்கு அவருக்கு உரிமை கிடையாது. மெதுவானவரின் வேலையைச் சேர்த்துச் செய்யும் மற்ற ஊழியர்களையும் நினைக்க வேண்டும். அவர்கள் வாய் திறப்பதில்லை என்பதற்காக அவர்களுக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடாது.

இதிலும் நாம் அதிகம் பார்ப்பது, பொறுக்கும் மனப்பான்மை உறவினருக்கு மட்டுமே கிடைப்பதை. பன்னிரண்டு மணிக்கு வரும் மாமி மகன் நீடிக்கிறான். ஒன்பதுக்கு வரும் வெளியூர்ப் பையன் ஒரு தவறுக்கு வெளியேறுகிறான். நீதியில் நிலைத்து நில்லுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் சரியே என்னும் கருத்துடைய வசனத்தை (4:135) ஓதிவிட்டு இப்படிச் செய்ய மனம் எப்படி வருகிறது? உறவைப் பேண வேண்டுமானால் அந்தப் பையனுக்கு உங்கள் சொந்தப் பையிலிருந்து மாதந்தோறும் கொடுங்கள். ஸிலத்துர் ரஹ்மின் நன்மை முழுமையாகக் கிடைக்கும். கடைச் சம்பளப் பட்டியலில் எழுதாதீர்கள்.

கணக்கு முடிக்கும் நாளுக்கு வருவோம். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸ் எல்லாருக்கும் மனப்பாடம். வேலையை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸியும் புகாரியில் இருக்கிறது. சட்டமோ, நீக்கிய பின் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைத் தீர்க்கச் சொல்கிறது. "அடுத்த மாதம் பத்தாம் தேதி வா" என்று வேலை இழந்தவரை அலையவிடுவது எதிலும் சேராது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து இருந்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம். இதைக் கொடுக்கும்போது சிலர் தர்மம் செய்வதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர்களுக்காவது இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அமீரகத்தில் முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு இருபத்தொரு நாள் அடிப்படைச் சம்பளம் என்று விரல் விட்டு எண்ணி, ஒரு திர்ஹம் குறைந்தாலும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவோம் என்று நின்றவர்கள் நம் சகோதரர்கள். ஊருக்கு வந்து அதே பணத்தில் கடை திறந்த பிறகு, தம்மிடம் வேலை செய்பவருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே மறந்துபோகிறது.

உடைந்த பொருளுக்கும் கெட்டுப்போன சரக்குக்கும் கடைசிச் சம்பளத்தில் பிடிப்பது இன்னொரு தவறு. ஒருவரிடம் மட்டும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவரின் கை அமானத்தின் கை. வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ அல்லாமல் கைதவறி நேர்ந்ததற்கு அவர் ஈடு கட்ட வேண்டியதில்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அலட்சியம் என்று சொல்பவர்தான் அதை நிறுவ வேண்டும்.

ஜகாத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் காணும் மயக்கங்களில் இதுவே அதிகம். ரமலானில் ஊழியரின் சம்பளப் பாக்கியை ஜகாத் என்று நிய்யத் வைத்துக் கொடுக்கிறார்கள். பேசிய போனஸையும் அப்படியே. நிறுத்தும்போது தர வேண்டிய ஒரு மாத ஊதியத்தையும் ஜகாத் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். இவற்றில் எதுவும் ஜகாத் ஆகாது. அவருக்கு நீங்கள் கடன்பட்ட பணம் அது. அவர் பணத்தை அவரிடமே கொடுத்துவிட்டு அல்லாஹ்வின் கடமை நிறைவேறியதாக எழுதிக்கொள்ள முடியாது. இன்னொரு வகையும் உண்டு. ஊழியர் பதினைந்தாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். திருப்பித் தர வழியில்லை. "அதை ஜகாத்தில் தள்ளிவிட்டேன்" என்கிறார் முதலாளி. வராக் கடனைத் தள்ளுபடி செய்து அதை ஜகாத்தாக எண்ணுவதைப் பெரும்பாலான இமாம்கள் ஏற்கவில்லை. ஜகாத் ஏழையின் கையில் உடைமையாகச் சேர வேண்டும். அவர் ஜகாத் பெறத் தகுதியானவராக இருந்தால், கூலிப் பாக்கியை முதலில் முழுமையாகத் தீர்த்துவிட்டு, பிறகு ஜகாத்தைத் தனியாக, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுங்கள். அதைக் கொண்டு அவர் தாமாகவே கடனை அடைத்தால் அது அவர் விருப்பம். அடைக்கவில்லையென்றால், கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் கட்டளை (2:280) நமக்கு இருக்கிறது. முன்பணத்துக்காக அவருடைய ஆதார் அட்டையையோ ஓட்டுநர் உரிமத்தையோ மேசை அறையில் பூட்டி வைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

நிறுத்தும் காலத்தையும் கவனிக்கலாம். பெருநாள், தீபாவளி நெரிசலுக்கு ஆள் எடுப்பதில் தவறில்லை. வேலை எத்தனை வாரம் என்று எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். நிரந்தரம் என்று நம்பவைத்து, ஷவ்வால் பிறை ஐந்தில் "வர வேண்டாம்" என்பது ஏமாற்று. பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில், தவிர்க்கக் கூடுமானால் யாரையும் நிறுத்தாமல் இருக்கலாம். பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பெண்ணின் முதல் இரண்டு மாத வேகத்தை வைத்து அவளை அளப்பதும் நியாயமாகாது.

கடைசியாக ஒன்று. நிறுத்தப்பட்டவர் வேறு கடைக்குப் போகிறார், அந்த முதலாளி உங்களைத் தொலைபேசியில் அழைத்து, "ஆள் எப்படி?" என்று கேட்கிறார். புறம் பேசக் கூடாது என்று எதையும் சொல்லாமல் விடுவதா, மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவதா? பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வசதியற்றவர் என்றும் மற்றவர் பெண்களிடம் கடுமையானவர் என்றும் புரியும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆலோசனை கேட்பவருக்கு உண்மையை மறைக்கக் கூடாது என்று அறிஞர்கள் இதிலிருந்து சட்டம் எடுத்தார்கள். ஆனால் கேட்ட காரியத்துக்குத் தேவையான அளவு மட்டுமே. கல்லாவில் காசு குறைந்ததாக ஒருவர் சொன்னார், நிரூபணமாகவில்லை என்றால் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அவர் வீட்டுச் சண்டையும், அவர் தம்பியின் கடனும் கேட்கப்படவில்லை. "பில் போடுவதில் மெதுவானவர், அதனால்தான் நிறுத்தினோம். சரக்கறையில் ஆறு வருடம் சாவி அவரிடம் இருந்தது, ஒரு துண்டு குறைந்ததில்லை." கேட்டவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அவரைச் சரக்கறைக்கு எடுத்துக்கொள்வதா, வேண்டாமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.